மூணாவது மாடிக் கூடை

"…பொறுக்கி எடுக்கற வேலையெல்லாம் இங்க வாணாம்மே. கூறுன்னா கூறுதான். மீனு வாங்கசொல்ல காரப்பொடிய உட்டுட்டு எறாவ மட்டும் பொறுக்கிகினு போனியா? முருங்கக்கீர வோணும், பாவக்கா வாணாம்னா, அந்தப் பாவக்காய நானா கட்டிகினு அழுவறது? இன்னொரு தபா கூறுல கைய வெச்சே…"

அத்தை அந்தப் பேச்சை முடிக்கவில்லை. முடித்திருந்தால் அது எங்கே போய் முடியும் என்று வண்டியைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது மாடி அக்கா முன்ஜாக்கிரதையாகக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டும் ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் அவர்கள் இருவருக்கும் நடுவே மேலேயிருந்து ஒரு கூடை இறங்கியது. பச்சையும் மஞ்சளும் கலந்து பின்னிய ஒயர் கூடை. நைலான் கயிற்றில் கட்டியிருந்தது. தக்காளிக்கு ஒரு சாண் மேலே வந்து நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

யாரும் பேசவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் பெண்கள் கூடின இடத்தில் பேச்சு நிற்க வேண்டுமென்றால் ஒன்று சாவு மேளம் கேட்க வேண்டும், இல்லை தண்ணி லாரி வர வேண்டும். அன்றைக்கு இரண்டும் இல்லை. ஒரு காலிக் கூடை வந்தது, அவ்வளவுதான்.

அது எங்கள் வீட்டுக் கூடை. நான் அண்ணாந்து பார்த்தேன். மூணாவது மாடி நடைக் கம்பிக்கு வெளியே அம்மாவின் கை மட்டும் தெரிந்தது.

அப்போது எனக்கு எட்டு வயசோ ஒன்பது வயசோ. அந்தக் கூடை வந்ததில் ஊரே வாயடைத்துப் போக என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். "கதைய வால்லேர்ந்து புடிச்சா வழுக்கும், செவுளப் புடி" என்பாள் அத்தை. செவுளிலிருந்தே பிடிக்கிறேன்.

கடல் ஒருநாள் ஊருக்குள் வந்துவிட்டுப் போனது. அதன் பிறகு கரையோரத்தில் குடிசை போட்டிருந்த எங்களையெல்லாம் திருவொற்றியூருக்கு மேற்கே கட்டின குவார்ட்டர்ஸுக்கு மாற்றினார்கள். ஒழுகாத கூரை, தாழ்ப்பாள் உள்ள கதவு, சுவரில் அலமாரி. குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் வீட்டைக் கட்டினவர்கள் வயிற்றை மறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் சாத்தாங்காட்டு இரும்புக் கிடங்குகள். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள், ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்று. மார்க்கெட்டுக்குப் போகவேண்டுமானால் அந்த லாரிகளுக்கு நடுவே புகுந்து, ரோட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் இடம் பிடித்துப் போகவேண்டும். திரும்பி வருவதற்குள் வாங்கின கீரை வாங்கினவள் முகம் மாதிரி ஆகிவிடும்.

"கரையில இருந்தப்ப வாசல்ல மீனு, முக்குல மார்க்கெட்டு. இங்க வாசல்ல லாரி, முக்குல லாரி. லாரிய இன்னா, கொழம்பா வெக்க முடியும்?" என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைத் தட்டில் ஓரமாக ஒதுக்குவார். அப்பாவுக்கு உருளைக்கிழங்கு பிடிக்காது. ஆனால் குவார்ட்டர்ஸ் முனையில் இருந்த ஒரே பொட்டிக்கடையில் அதுவும் வெங்காயமும்தான் கிடைக்கும். மற்றபடி அந்தக் கடையில் தொங்கினதெல்லாம் பாக்கெட்டுகள். சரம் சரமாக, கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி. பிள்ளைகள் எங்களுக்கு அதில் குறையே தெரியவில்லை. குடல் அப்பளத்தைப் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு, மகாராணி மாதிரி கையை நீட்டிக்கொண்டு நடந்து, பிறகு ஒவ்வொரு விரலாகக் கடித்துத் தின்போம். சாயங்காலமானால் எல்லாப் பிள்ளைகளின் நாக்கும் மஞ்சள்.

மீன் மட்டும் இருந்தது. அதற்குக் காரணம் அத்தை.

அத்தை என் அப்பாவின் அக்கா. பக்கத்து பிளாக்கில் தரைத்தளத்தில் வீடு. விடியும்போதே காசிமேட்டில் ஏலம் எடுத்து, மாமாவின் மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு வருவாள். மூன்று சக்கரத்தில் பலகையும் ஒரு பழைய ஸ்கூட்டர் இஞ்சினும் வைத்த வண்டி அது. வருவது இரண்டு தெருவுக்கு முன்பே கேட்கும். கேட்காதவர்களுக்காக ரப்பர் ஹாரன் வேறு. அத்தை பேசப் பிறந்தவள். மாமா அவள் பேச்சைக் கேட்கப் பிறந்தவர். ஹாரனை அமுக்குவது தவிர அவர் வேறு சத்தம் போட்டு நான் அதிகம் கேட்டதில்லை. "எங்க வூட்ல பேச்சு முழுக்க நான் எடுத்துகினேன், காது முழுக்க அதுக்கு வுட்டுட்டேன். பாகப்பிரிவினையில சண்டையே இல்ல" என்பாள்.

அத்தை தராசு வைத்துக்கொள்ள மாட்டாள். பலகையில் மீனைச் சின்னச் சின்னக் குவியலாகக் கூறு கட்டி வைப்பாள். நெத்திலி, காரப்பொடி என்கிற பொடிமீன், நாலு எறா, ஒரு நண்டு என்று கலந்து கிடக்கும். எடுத்தால் கூறை அப்படியே எடுக்கவேண்டும். இது வேண்டும் அது வேண்டாம் என்கிற பேச்சே கிடையாது. "கடலு உனக்குப் பொறுக்கியா குடுத்துச்சு?" என்று கேட்பாள். அதற்கு இன்றுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

மேல் மாடிக்காரர்களில் பலர் கீழே இறங்கி வருவதில்லை. கயிற்றில் கூடையை இறக்குவார்கள். உள்ளே ஒரு துணி முடிச்சில் காசு இருக்கும். மீனைப் போட்டுவிட்டுக் கயிற்றை இரண்டு சுண்டு சுண்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அத்தையின் ஹாரன் கேட்டதும் எங்கள் பிளாக்கில் எல்லா மாடியிலிருந்தும் கூடைகள் இறங்கும். எங்கள் வீட்டுக் கூடை மட்டும் இறங்காது. பால்காரருக்கு இறங்கும், உப்புக்காரருக்கு இறங்கும். அத்தைக்கு இறங்காது.

அம்மாவும் அத்தையும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேச்சில்லாமல் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒரு குடம்.

தண்ணி லாரி வந்த ஒருநாள் அத்தை ஏலத்துக்குப் போயிருந்தாள். போகும்போதே அம்மாவிடம், "எங்கொடத்தையும் வரிசையில போட்டு ரொப்பி வெச்சிடும்மே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மா எங்கள் குடத்தை மேலே ஏற்றிவிட்டு, அத்தையின் பச்சைக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும்போது சேற்றில் வழுக்கி விழுந்தாள். குடம் அடியிலிருந்து வாய்வரை பிளந்துவிட்டது. அதன் பிறகு அம்மா சில நாள் ராயபுரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். காய்ச்சல் என்று சொன்னார்கள். திரும்பி வந்த பிறகு அத்தையோடு பேசவில்லை.

நான் என் சின்ன மூளையை வைத்துக் கணக்குப் போட்டேன். குடம் அத்தையுடையது, உடைத்தது அம்மா. அப்படியானால் அத்தைதானே கோபித்துக்கொள்ள வேண்டும்? இங்கே உடைத்தவள் கோபமாக இருந்தாள். குடத்தைப் பறிகொடுத்தவள் எங்கள் பிளாக் பக்கம் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் மீன் விற்றுவிட்டுப் போனாள். பெரியவர்கள் சண்டைக்கு நியாயம் கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்காக இவ்வளவா என்று என் சினேகிதிகளிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். பல வருஷம் கழித்து, நான் முழுகாமல் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் என் பக்கத்துப் பெண் அம்மாவிடம் "உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டாள். அம்மா யோசிக்காமல், "மூணு சொமந்தேன், ரெண்டு தங்குச்சு" என்றாள். அப்போதுதான் எனக்கு அந்தப் பச்சைக் குடம் ஞாபகத்துக்கு வந்தது.

"கீரைக்கும் கோவத்துக்கும் ஒருநாள் ஆயுசு" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அம்மாவின் கோபம் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. ஒருதரம் அத்தை வஞ்சிரத் தலையைத் தூக்குச் சட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். அம்மா மூடியைக்கூடத் திறக்கவில்லை. அப்படியே எதிர்வீட்டுக்குப் போயிற்று. அன்று ராத்திரி எதிர்வீட்டிலிருந்து வந்த வாசனையில் அப்பா வெறும் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்பா பாவம். ஒரு பக்கம் கூடப் பிறந்தவள், ஒரு பக்கம் கூட வாழ்கிறவள். "ரெண்டு படகுக்கு நடுவுல கால வெச்சவன் கடலப் பாத்துகினே நிக்கணும்" என்பார், அப்படியே நிற்பார்.

அந்த வருஷம் மீன்பிடி தடைக்காலம் வந்தது. விசைப்படகெல்லாம் கரையேறின. அத்தையின் வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அம்மா அப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறது என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும்.

சுற்றில் வந்த நர்சம்மா அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரத்தமே இல்லியேம்மா. முருங்கைக்கீரை, பீட்ரூட்டு, காய்கறின்னு ஏதாவது சாப்பிடறியா? மாத்திரை மட்டும் போதாது. பாயிண்டு ஏறலைன்னா பெட்டுல சேர்த்து ரத்தம் ஏத்தற மாதிரி ஆயிடும். வெயிட்டு கிய்ட்டு எதுவும் தூக்காத. இந்தத் தடவையாவது ஒடம்பப் பாத்துக்கோ."

"கீரைக்கு எங்க போவறதுக்கா? மூணு மாடி எறங்குனா கண்ண இருட்டிகினு வருது. கடையில குடல் அப்பளந்தான் தொங்கிகினு கீது. அதத் துன்னா ரத்தம் ஊறுமா?" என்றாள் அம்மா.

எனக்குப் புரிந்தது இதுதான்: அம்மா ஏதோ பரீட்சை எழுதுகிறாள், பாயிண்டு பத்தாமல் பெயிலாகிக்கொண்டிருக்கிறாள். இந்தச் சுவையான சேதியை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? நேரே அத்தை வீட்டுக்கு ஓடினேன். அத்தை மீன் இல்லாத அன்னக்கூடைகளை வெயிலில் கவிழ்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெயிலாயிட்டாளாமா உங்கம்மா?" என்றாள் தேய்ப்பதை நிறுத்தாமல். "ஆவட்டும். வாயிக்கி ஒரு பரீட்ச வெச்சா பஸ்ட்டு கிளாஸு வாங்குவா." பிறகு கொஞ்சநேரம் தேய்த்தாள். பிறகு, "இன்னா கீரன்னு சொல்லிச்சு அந்த நர்சம்மா?" என்றாள். சொன்னேன். "அப்பால?" பீட்ரூட்டைச் சொன்னேன். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும், "மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள். வெயிட்டு தூக்கக்கூடாது என்றதுவரை சொன்னேன். அத்தைக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் தார்ப்பாயை உதறிவிட்டு மீன்பாடி வண்டி கிளம்பியது. மாதவரம் தாண்டி ஏரிப் பக்கம் கீரைத் தோட்டங்கள் இருக்கின்றன, மாமா முன்னொரு காலத்தில் அங்கே எரு அடித்திருக்கிறார். எங்களுக்கு அவ்வளவு பக்கத்தில் அத்தனை பச்சை விளைகிறது என்பதே அன்றுவரை எங்களில் வேறு யாருக்கும் தெரியாது. விளைந்ததெல்லாம் பொழுது விடிவதற்குள் கோயம்பேட்டைப் பார்த்துப் போய்விடும். எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க அதற்கு என்ன தலையெழுத்து?

காய் வியாபாரம் என்றால் அத்தைக்குத் தெரியாது. ஆனால் அழுகும் சரக்கை எப்படிக் காப்பது என்று அத்தைக்குச் சொல்லித்தர ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது அவள் எண்ணம். கீரையும் தக்காளியும் வாங்கினாள். நேரே காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்கு வண்டியை விடச் சொன்னாள். தடைக்காலத்தில் ஐஸ் கேட்பாரில்லாமல் கிடந்தது. உடைத்த ஐஸை ஒரு அடுக்கு, அதன்மேல் கீரை ஒரு அடுக்கு, மேலே கல்லுப்பு. மறுபடியும் ஐஸ், மறுபடியும் கீரை. வஞ்சிரத்துக்குச் செய்கிற மரியாதையெல்லாம் முருங்கைக்கீரைக்குச் செய்து, சாக்குப் போட்டு மூடிக்கொண்டு வந்தாள்.

ஹாரன் சத்தம் கேட்டதும் குவார்ட்டர்ஸே குழம்பியது. தடைக்காலத்தில் ஏது மீன்? பெண்கள் சட்டியும் அரிவாள்மணையுமாக ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பூனைகள் ஓடி வந்தன. அத்தை எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்யாணப் பெண்ணின் முக்காட்டை விலக்குவது மாதிரி சாக்கை விலக்கினாள்.

கீரை கறுத்துப்போய், பல்லுக்கு வைத்துக்கொள்கிற புகையிலை மாதிரி சுருண்டு கிடந்தது. தக்காளி பளபளவென்று கல்லாக இருந்தது. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகத் தோல் விட்டுத் தண்ணீராக ஓடியது. ஒரு பூனை பலகையில் ஏறி மோந்து பார்த்துவிட்டு, அத்தையை மிகவும் கேவலமாகப் பார்த்தபடி இறங்கிப்போனது.

"யக்கா, கருவாட்டுக் கீரையா இது?" என்றாள் ரெண்டாவது மாடி அக்கா. அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்கள். அத்தை பதில் பேசவில்லை. அத்தை பதில் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டிப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, உருகிய தண்ணீர் தரையில் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மாமா பேசினார்.

"மீனு செத்தப்பறம் ஐஸ் போட்றோம். கீர இன்னும் உசுரோட கீது."

அவ்வளவுதான். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இத அங்கியே சொல்றதுக்கு இன்னா கேடு?" என்றாள். "நீ எங்க பேச வுட்ட?" என்றார் மாமா. அந்த வருஷத்துக்கான பேச்சு அவருக்கு அத்தோடு தீர்ந்தது.

மறுநாள் ஐஸ் இல்லை. நனைத்த சாக்கு மட்டும். பலகையைப் புளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் கீரையில் கொஞ்சம் கவிச்சி வீசத்தான் செய்தது. எங்கள் ஜனத்துக்கு அது குறையாகத் தெரியவில்லை. கவிச்சி இல்லாத சாப்பாடு யாருக்கு வேண்டும்? ஆனால் அத்தை விற்ற விதத்தில்தான் தினம் ஒரு சண்டை. காயையும் அவள் கூறுதான் கட்டினாள். நாலு தக்காளி, ரெண்டு கத்தரி, ஒரு பாகற்காய், ஒரு பீட்ரூட், ஒரு கட்டு முருங்கைக்கீரை. எல்லாக் கூறும் ஒரே மாதிரி. எல்லாக் கூறிலும் முருங்கைக்கீரை, எல்லாக் கூறிலும் பீட்ரூட். பாகற்காய் வேண்டாதவளும் பாகற்காயைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

பீட்ரூட்டை எங்களில் பலர் அப்போதுதான் கையில் வாங்கிப் பார்த்தார்கள். இதை என்ன செய்வது என்று யாருக்கும் விளங்கவில்லை. மீன் இல்லாமல் நாக்கு செத்துக்கிடந்த சமயம். எதிர்வீட்டுக்காரி துணிந்து, துண்டு போட்டு, புளியும் மாங்காயும் மீன் மசாலாவும் போட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். அவள் புருஷன் சாப்பிட்டுவிட்டு, "இது இன்னா மீனு? முள்ளே இல்ல" என்றானாம். அது பிளாக் முழுக்கப் பரவியது. அடுத்த நாளே எல்லா வீட்டிலும் பீட்ரூட் மீன்குழம்பு. சாயங்காலம் பிள்ளைகளெல்லாம் சிவந்த நாக்கை நீட்டிக்கொண்டு, ரத்தக் காட்டேரி என்று கத்திக்கொண்டு மாடிப்படியில் துரத்தி விளையாடினார்கள். பொட்டிக்கடைத் தோரணம் முன்னைக்கு இப்போது விலைபோகாமல் கொஞ்சம் நீளமாகவே தொங்கியது. கடைக்காரரே ஒருநாள் வெட்கத்தோடு வந்து ஒரு கூறு வாங்கிக்கொண்டு போனார்.

என் நாக்கு மட்டும் மஞ்சள்.

"எல்லாரு நாக்கும் செவப்பா கீது. நான் மட்டும் ஆட்டத்துல சேர முடியல" என்று அம்மாவிடம் அழுதேன். அம்மா உருளைக்கிழங்கை நறுக்கினாள். கீழே அத்தையின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தினமும் எங்கள் பிளாக்குக்கு நேர் கீழே, எங்கள் வீட்டு நடைக்கு நேர் கீழேதான் வந்து நின்றது. நிழலான இடம் பக்கத்து பிளாக்கில் இருக்க, அத்தை ஏன் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. "ரத்தம் ஊறுதும்மா, ரத்தம் ஊறுது, காலீல பறிச்ச முருங்க" என்று மூணாவது மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள். தடைக்காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல்தான் அத்தை காய் விற்கிறாள் என்று அப்பா சொன்னார். நானும் நம்பினேன்.

நர்சம்மா மறுபடியும் வந்தாள். இமையை இழுத்துப் பார்த்தாள். இந்தமுறை உதட்டைப் பிதுக்கவில்லை, கோபித்தாள்.

"கீழயே வண்டி வருது, பிளாக்கே கீரை சாப்பிடுது. உனக்கு மட்டும் என்னம்மா வந்துச்சு? அடுத்த வாட்டியும் இப்படியே இருந்தா நான் சீட்டு எழுதிடுவேன், பெட்டுலதான் படுக்கணும்."

நர்சம்மா போன பிறகு அம்மா நடையில் போய் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடந்த தெருவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

அதற்கு மறுநாள் காலையில்தான் அத்தை ரெண்டாவது மாடி அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கூடை இறங்கியது.

அத்தை கூடையைப் பார்த்தாள். மேலே பார்க்கவில்லை. கூடை இன்னொரு சுற்றுச் சுற்றி நின்றது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அப்போது அவ்வளவு ஒன்றும் ஏறியிருக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு இன்னா வோணுமாம்? கேளு" என்றாள் என்னைப் பார்த்து.

நான் அண்ணாந்து, "யம்மா, உனக்கு இன்னா வோணும்னு அத்த கேக்குது" என்று கத்தினேன்.

மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எல்லாருக்கும் எப்டி போடுதோ அப்டியே ஒரு கூறு போடச் சொல்லு."

"அப்டியே ஒரு கூறு போடணுமாம்" என்று நான் அத்தையிடம் சொன்னேன், ஒரு முழத் தூரத்தில் நின்றவள் காதில் அது ஏற்கெனவே விழவில்லை என்கிற மாதிரி.

அத்தை கூடைக்குள் கையை விட்டுத் துணி முடிச்சை எடுத்தாள். பிரித்துப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு கூறை அள்ளிக் கூடையில் போட்டாள். பிறகு பக்கத்துக் கூறில் கையை வைத்தாள். அதிலிருந்த முருங்கைக்கீரைக் கட்டை எடுத்தாள், பீட்ரூட்டை எடுத்தாள், கூடையில் போட்டாள். அடுத்த கூறு. அதற்கடுத்த கூறு. பலகை முழுவதும் கலைந்துகொண்டே வந்தது. கூறைக் கலைத்தால் கையை ஒடிப்பேன் என்கிறவள், தன் கையாலேயே அத்தனை கூறையும் கலைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பெரிய சண்டை வெடிக்கப் போகிறது என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். ஒரு சொத்தைக் கத்தரிக்காய்க்காகத் தலைமுடியைப் பிடிக்கிற ஜனம். ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஆச்சரியம், ரெண்டாவது மாடி அக்கா தன் பையைத் திறந்து, சற்றுமுன் அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு எடுத்துவைத்திருந்த முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து, அவளாகவே கூடையின் மேலே வைத்தாள்.

"பாவக்கா வாணாமா உனக்கு?" என்றாள் அத்தை, அவளைப் பார்க்காமல்.

"குடு, துன்றேன்" என்றாள் அவள்.

கூடை நிறைந்துவிட்டது. ஒயர் பிடி இழுபட்டு நின்றது. இனி இரண்டு சுண்டு சுண்டவேண்டியதுதான் பாக்கி. அது என் வேலை என்று நான் எக்கிக் கயிற்றைப் பிடித்தேன். ரெண்டாவது மாடி அக்காவுக்கு வைத்திருந்த அடி அப்போது என் கையில் விழுந்தது.

"கயித்துல கைய வெச்சே…"

அந்தப் பேச்சையும் அவள் முடிக்கவில்லை. பல்லால் இழுத்து நைலான் முடிச்சை அவிழ்த்தாள். முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு கட்டினாள். நான் கையைத் தேய்த்துக்கொண்டே, "சுண்டுனா போதும் அத்த, அம்மாவே தூக்கிக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மாமா வண்டி இஞ்சினை நிறுத்தினார்.

மேலே அம்மா என்ன நினைத்தாளோ, கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள். வெறும் கயிறு ஆடி ஆடி மேலே போயிற்று. அத்தை வியாபாரத்தைக் கலைந்தது கலைந்தபடி தெருவில் விட்டுவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேலாகக் கால் வைக்காத எங்கள் பிளாக் மாடிப்படியில் ஏற ஆரம்பித்தாள்.